ஆங்கிலமும் ஸ்பானியமும்: தமிழர் கற்கும் வழி

நம்மவருள் ஸ்பானிய பாஷையைக் கற்க முற்படுகிறவர்கள் அனேகமாக எல்லோரும் ஆங்கிலப் புத்தகங்களைக் கொண்டே அதைத் தொடங்குகிறார்கள். எளிதில் கிடைப்பவை அவையே என்பது ஒரு காரணம். இரண்டும் ஐரோப்பிய பாஷைகள், ஆகையால் ஒன்றின் வாயிலாக மற்றொன்றை எட்டுவது சுலபம், தமிழோ இரண்டுக்கும் சம்பந்தமில்லாத தூரத்து மொழி, இந்த முயற்சியில் அதை நினைவுகூரவே வேண்டியதில்லை என்று பலர் மனத்தில் பதிந்திருக்கும் எண்ணம் இன்னொரு காரணம். சொற்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பெரும்பாலும் சரியானதே. ஆனால் வாக்கிய அமைப்பிலும், அன்றாடச் சம்பாஷணையில் ஒரு மனிதன் தனக்குப் பிடிப்பதையும் வலிப்பதையும் தோன்றுவதையும் எப்படிச் சொல்கிறான் என்பதிலும் அது பெரிதும் பிழையானது. அந்த இடங்களில் ஸ்பானியம் ஆங்கிலத்தை விட்டு விலகித் தமிழுக்கு அருகே வந்து நிற்கிறது. ஆகவே ஸ்பானியத்தின் சொற்களை ஆங்கிலத்தின் துணையாலும், அதன் இலக்கணத்தைத் தமிழின் துணையாலும் கற்பதே நமக்கு இயல்பான மார்க்கம் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்பெயினிலும், மெக்ஸிகோ தொடங்கித் தெற்கே சிலியும் அர்ஜென்டினாவும் முடியப் பல தேசங்களிலும், ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினியிலும் ராஜாங்க மொழியாக வழங்கும் ஸ்பானியத்தை 45 கோடிக்கு மேற்பட்ட மக்கள் தாய்மொழியாகப் பேசுகிறார்கள். 1492-ஆம் ஆண்டில், கொலம்பஸ் கப்பலேறிய அதே ஆண்டில், அந்தோனியோ தெ நெப்ரிஹா என்ற பண்டிதர் இம்மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதி, சலமான்கா நகரில் அச்சிட்டு, இஸபெல் ராணிக்குச் சமர்ப்பித்தார். லத்தீன், கிரேக்கம் போன்ற சாஸ்திர மொழிகளுக்கே இலக்கணம் உரியது, ஜனங்கள் பேசும் மொழிக்கு அது எதற்கு என்று கற்றோர் கருதியிருந்த காலம் அது. அந்நூலின் ஐந்தாம் பகுதி, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாத அந்நியர் அதைக் கற்பதற்கென்றே எழுதப்பட்டது. ஒரு மொழி அதைப் பேசுகிறவனுக்குக் காட்டும் முகம் வேறு, புதிதாகக் கற்க வருகிறவனுக்குக் காட்டும் முகம் வேறு என்பதை நெப்ரிஹா அன்றே உணர்ந்திருந்தார்.

இத்தாலியிலிருந்து நம் நாட்டுக்கு வந்த வீரமாமுனிவரும் இதை உணர்ந்தவரே. செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், ஜனங்கள் வீட்டிலும் வீதியிலும் பேசும் கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் அவர் லத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தாமும் தம்மைப் போன்ற பாதிரிமாரும் நன்றாக அறிந்த லத்தீனில் கால் ஊன்றிக்கொண்டு அவர் தமிழைப் பார்த்தார். எங்கே இரண்டும் ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பார்த்தார். அந்நியர் நம் மொழியைக் கற்க வந்தபோது கைக்கொண்ட இந்த முறையை, நாம் அந்நிய மொழியைக் கற்கும்போது கைக்கொள்ளாமல் விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் குறை.

காப்பி பிடிக்கும் என்று சொல்ல விரும்பும் ஆங்கிலேயன் ‘ஐ லைக் காபி’ என்கிறான். அங்கே நானே எழுவாய், காப்பி செயப்படுபொருள். தமிழன் ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’ என்கிறான். இங்கே ‘நான்’ என்பது நான்காம் வேற்றுமை ஏற்று ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறது. ஸ்பானியன் சொல்வது ‘மே குஸ்தா எல் கஃபே’. ‘மே’ என்றால் எனக்கு, ‘குஸ்தா’ என்றால் பிடிக்கிறது, ‘எல் கஃபே’ என்றால் காப்பி. ஆங்கிலப் புத்தகங்கள் இந்த ஒரு வினைச்சொல்லை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன; காப்பி எனக்கு இன்பமாயிருக்கிறது என்று முதலில் மனத்துக்குள் மாற்றிக்கொள், பிறகு அதை ஸ்பானியத்தில் சொல் என்று மாணவனுக்கு யோசனை கூறுகின்றன. தமிழ் மாணவனுக்கு இந்தப் பிரயாசை ஒன்றும் வேண்டியதில்லை. அவன் நாவில் வாக்கியம் ஏற்கெனவே அந்த உருவத்திலேயே இருக்கிறது. ‘மே துவேலே லா காபேஸா’ என்பது ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதேதான்; ‘என் தலை’ என்று நாம் சொல்லாதது போலவே ஸ்பானியனும் சொல்லாமல் வெறுமனே தலை என்கிறான், ஆங்கிலேயனோ தலைவலியை ஒரு சொத்தைப் போல் ‘வைத்திருப்பதாக’ச் சொல்கிறான். ‘மே பாரேஸே’ என்பது ‘எனக்குத் தோன்றுகிறது’; ‘மே ஃபால்தா தியேம்போ’ என்பது ‘எனக்கு நேரம் போதவில்லை’. ஒன்றே ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும்: பிடிக்கும் பொருள் பலவானால் ஸ்பானியத்தில் வினையும் பன்மையாகி ‘குஸ்தான்’ என்று ஆகும், நம் ‘பிடிக்கும்’ அப்படி மாறுவதில்லை. பசி, தாகம் போன்றவற்றைச் சொல்லுமிடத்தில் ஸ்பானியமும் நம்மை விட்டுவிட்டு, பசியை ‘உடையேன்’ என்ற பொருளில் ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்று சொல்லிவிடுகிறது.

வினைமுற்றின் விகுதியே பேசுகிறவன் யார் என்று காட்டிவிடுவதால் எழுவாய் தோன்றாமல் மறைந்திருப்பதும் இரண்டு மொழிகளுக்கும் பொது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று நாம் சொல்லும்போது நான், நீ, நாம் என்ற சொற்கள் இல்லாமலே பொருள் நிரம்பிவிடுவது போல, ‘ஆப்லோ’, ‘ஆப்லாஸ்’, ‘ஆப்லாமோஸ்’ என்பவையும் தனித்தே நிரம்பி நிற்கின்றன. ஆங்கிலம் தன் பழைய விகுதிகளை நாளடைவில் இழந்துவிட்டதால் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைச் சுமந்தே தீர வேண்டும். ஆங்கில வழியே ஸ்பானியம் பயின்றவன் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘யோ, யோ’ என்று தன்னையே முன்னிறுத்திப் பேசுவது ஸ்பானியர் காதில் அகங்காரமாக ஒலிக்கும். தமிழ் வழியே பயின்றவனுக்கு அந்த வழக்கம் உண்டாகவே காரணமில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆச்சரியம் அளிப்பது செயப்படுபொருளைக் குறிக்கும் முறை. ஸ்பானியத்தில் ‘மேசையைப் பார்க்கிறேன்’ என்பதற்கு ‘வேயோ லா மேஸா’ என்றால் போதும்; ‘மரியாவைப் பார்க்கிறேன்’ என்பதற்கோ ‘வேயோ ஆ மரீயா’ என்று நடுவே ஓர் ‘ஆ’வைச் சேர்க்க வேண்டும். பார்க்கப்படுவது மனிதராயின் அந்த ‘ஆ’ வரும், பொருளாயின் வராது. ஆங்கிலத்தில் இதற்கு ஒப்பான வழக்கம் எதுவும் இல்லாமையால், ஆங்கில மாணவர்கள் இதை ஒரு விசித்திரமான விதியாக மனப்பாடம் செய்து, செய்த வேகத்திலேயே மறந்துவிடுகிறார்கள். நாமோ சிறுவயது முதலே இந்தப் பேதத்தைக் காத்து வருகிறோம். ‘புத்தகம் படித்தேன்’, ‘மரம் வெட்டினான்’, ‘மேசை வாங்கினார்கள்’ என்று அஃறிணையில் ‘ஐ’ உருபை விட்டுவிட்டுச் சொல்லலாம். ‘முருகன் பார்த்தேன்’ என்று எவனும் சொல்லமாட்டான்; ‘முருகனைப் பார்த்தேன்’ என்றே சொல்லியாக வேண்டும். உயர்திணைக்கு உருபு கட்டாயம், அஃறிணைக்கு அது கட்டாயமில்லை என்ற இந்த நியதி, ஒன்றோடொன்று எவ்வித இரத்த சம்பந்தமும் இல்லாத இரண்டு மொழிகளில், உலகத்தின் இரண்டு கோடிகளில், தனித்தனியே உருவாகியிருக்கிறது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. ‘பெண் பார்க்கப் போயிருக்கிறார்கள்’ என்று நாம் சொல்லும்போது, பெண் உயர்திணையாயினும் ‘ஐ’ வருவதில்லை. ஏனெனில் அங்கே இன்ன பெண் என்ற நிச்சயம் முக்கியமில்லை, மணப்பெண் தேடும் காரியமே முக்கியம். ‘அந்தப் பெண்ணைப் பார்க்கப் போயிருக்கிறார்கள்’ என்னும்போது குறிப்பிட்ட ஒருத்தி மனத்தில் வந்துவிடுகிறாள், உருபும் கூடவே வந்துவிடுகிறது. ஸ்பானியத்திலும் இதே நுட்பம் உண்டு. ஆங்கிலம் தெரிந்த டாக்டர் யாரேனும் கிடைப்பாரா என்று தேடுகிறவன் ‘புஸ்கோ உன் மேதிகோ’ என்று ‘ஆ’ இல்லாமல் சொல்வான். தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைத் தேடிக்கொண்டிருப்பவன் ‘புஸ்கோ ஆ உன் மேதிகோ’ என்பான். இந்த நுட்பத்தைத் தமிழ் மாணவனுக்கு விளக்க ஒரு நிமிஷம் போதும். பெண் பார்ப்பதையும் பெண்ணைப் பார்ப்பதையும் சொன்னால் அவன் புரிந்துகொண்டு விடுவான்.

மரியாதைச் சொல்லின் வரலாறும் இவ்வாறே. நெருங்கியவனை ‘தூ’ என்றும், மதிக்க வேண்டியவரை ‘உஸ்தேத்’ என்றும் ஸ்பானியர் அழைக்கிறார்கள். ‘உஸ்தேத்’ என்பது ‘தங்கள் அருள்’ என்ற பொருளுடைய ‘வுயெஸ்த்ரா மெர்ஸேத்’ என்ற பழைய உபசாரச் சொல் தேய்ந்து வந்த வடிவம். ஆகையால் முன்னால் நிற்பவரிடம் பேசினாலும் வினை படர்க்கையிலேயே வரும். நம் ‘தாங்கள்’ என்பதும் ஆதியில் ‘தான்’ என்ற படர்க்கைச் சொல்லின் பன்மையே அல்லவா? நேரே சுட்டாமல் சற்று விலகி நின்று பேசுவதே மரியாதை என்ற உணர்ச்சி இரண்டு சமூகங்களிலும் இலக்கணமாக உறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘தௌ’ என்ற ஒருமை வழக்கொழிந்து, பன்மையான ‘யூ’ ஒன்றே மன்னனுக்கும் மழலைக்கும் பொதுவாகிவிட்டது. அர்ஜென்டினாவில் ‘தூ’வுக்குப் பதிலாக ‘வோஸ்’ வழங்குகிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஸ்பானியம் கற்கிறவர்கள் எல்லோரும் அஞ்சும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் ‘இஸ்’ என்ற ஒரே சொல்லுக்கு ஸ்பானியத்தில் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள் இருக்கின்றன. நிலையானதற்கு ‘ஸேர்’, தற்காலிகமானதற்கு ‘எஸ்தார்’ என்று பல பாடநூல்கள் விதி வகுக்கின்றன. ஆனால் இறந்துவிட்டவரைப் பற்றி ‘எஸ்தா முயெர்த்தோ’ என்று ‘எஸ்தார்’ கொண்டே சொல்கிறார்கள். மரணத்தைவிட நிலையான நிலை ஏது? மாத்ரித் நகரம் ஸ்பெயினில் இருப்பதற்கும் ‘எஸ்தா’ என்றே வருகிறது. நமக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று தாய்மொழியிலேயே உண்டு. தமிழில் வினையே இல்லாமல் ‘அவன் கெட்டிக்காரன்’ என்று முடிப்போமானால் அங்கே பெரும்பாலும் ‘ஸேர்’ வரும்: ‘எஸ் லிஸ்தோ’. ‘ஆக இருக்கிறான்’ என்று சொல்லத் தோன்றினால் பெரும்பாலும் ‘எஸ்தார்’ வரும்: ‘எஸ்தா லிஸ்தோ’, அதாவது அவன் தயாராக இருக்கிறான். ‘எஸ் அபுறீதோ’ என்றால் அவன் பிறருக்குச் சலிப்பூட்டுகிறவன். ‘எஸ்தா அபுறீதோ’ என்றால் அவனுக்கே சலிப்பாக இருக்கிறது. இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது; பனி வெண்மையாக இருக்கிறது என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் ‘ஸேர்’ கொண்டு சொல்கிறார்கள். ஆயினும் தொடக்கத்தில் கைவிளக்காகப் பிடித்துச் செல்ல இது போதும்.

தமிழ் உதவாத இடங்களையும் மறைக்கலாகாது. ஸ்பானியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால், கை பெண்பால், பகல் ஆண்பால். பொருளின் தன்மையைக் கொண்டு பால் பகுக்கும் நமக்கு இது அடியோடு புதிது. ‘ஓ’ என்று முடிந்தால் ஆண்பால், ‘ஆ’ என்று முடிந்தால் பெண்பால் என்ற பொது விதி பெரும்பாலும் செல்லும். ஆனால் கையைக் குறிக்கும் ‘மானோ’வும் பகலைக் குறிக்கும் ‘தீயா’வும் அதற்கு மாறானவை. இதற்கு ஒரே வழி, சொல்லைத் தனியே கற்காமல் ‘லா மானோ’, ‘எல் தீயா’ என்று அதன் முன்னடையோடு சேர்த்தே வாயில் பழக்கிக்கொள்வது. ஆங்கிலம் கற்றபோது ‘எ’, ‘தி’ என்ற சின்னஞ்சிறு சொற்களால் நாம் பட்ட துன்பம் இங்கேயும் உண்டு.

விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்லும் வினை வடிவம் இன்னொரு கடினமான பகுதி. நீ வருகிறாய் என்பதற்கு ஒரு வடிவம். நீ வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன் என்பதில் அதே வருதலுக்கு வேறு வடிவம். அதன் எல்லா உபயோகங்களையும் தமிழ் கொண்டு விளக்க இயலாது. ஆனாலும் அதன் ஆன்மாவை நாம் அறிவோம்: ஊர்வலங்களில் ஸ்பானியர் எழுப்பும் ‘வீவா!’ என்ற கோஷம் ‘வாழ்தல்’ என்ற வினையின் அந்த வடிவமே. நாம் எழுப்பும் ‘வாழ்க!’ வியங்கோள் வினைமுற்று. இரண்டும் நடந்ததைச் சொல்லாமல் நடக்க விரும்புவதைச் சொல்பவை. வியங்கோளிலிருந்து தொடங்கினால் அந்தப் பகுதியின் பயம் பாதி தெளியும்.

உச்சரிப்பில் நமக்குக் கிடைக்கும் அனுகூலம் மிகப் பெரிது. ஸ்பானியத்தில் அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்தே உயிர்கள், எழுதியபடியே ஒலிப்பவை. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் சில மெய்கள் அங்கே இளகி ஒலிக்கும். ‘ஒன்றுமில்லை’ என்னும் ‘நாதா’வில் வரும் ஒலி நம் ‘அது’வில் வரும் தகரமே, ஏரியைக் குறிக்கும் ‘லாகோ’வில் வருவது ‘பகலி’ன் ககரமே, ஓநாயைக் குறிக்கும் ‘லோபோ’வில் வருவது ‘கோப’த்தின் பகரமே. ‘ஆனால்’ என்னும் பொருளில் வரும் ‘பெரோ’வுக்கும், நாய் என்னும் பொருளில் வரும் ‘பெறோ’வுக்கும் இடையே ரகர றகர வேறுபாடு ஒன்றுதான் உண்டு. பல ஊர்களில் நாம் நழுவவிட்டுவிட்ட இந்த வேறுபாட்டை நாஞ்சில் நாட்டாரின் பேச்சில் இன்றும் தெளிவாகக் கேட்கலாம். தலையில் அலை போன்ற கோடு ஏந்திய ஸ்பானிய எழுத்து நம் ஞகரமே.

இனிச் சொற்கள். இங்கேதான் ஆங்கிலம் நமக்குப் பெரும் உபகாரம் செய்கிறது. ஆனால் எந்த ஆங்கிலம்? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், குடியானவர்கள் பழைய ஜெர்மானியச் சொற்களைப் பேசிக்கொண்டிருக்க, அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு ஆட்சி செலுத்தியது. தேவாலயத்திலும் கல்விக்கூடத்திலும் லத்தீன் இருந்தது. அதனால் ஆங்கிலத்தில் வீட்டுக்கு ஒரு சொல்லும் ஏட்டுக்கு ஒரு சொல்லுமாக இரட்டை வழக்கு நிலைத்துவிட்டது. ஸ்பானியம் லத்தீனின் நேர் வாரிசு ஆகையால், ஆங்கிலத்தில் ஏட்டுச் சொல்லாக இருப்பது அங்கே தெருச் சொல்லாக இருக்கிறது. கட்டடத்தை ஆங்கிலேயன் சாதாரணமாக ‘பில்டிங்’ என்பான், ‘எடிஃபிஸ்’ என்பது அவனுக்கு ஆடம்பரம். ஸ்பானியச் சிறுவனுக்கோ ‘எதிஃபீஸியோ’ என்பதே கட்டடத்துக்கு அன்றாடப் பெயர். ‘காம்ப்ரிஹெண்ட்’ என்று பரீட்சையில் எழுதியவனுக்கு ‘கொம்ப்ரெந்தேர்’ தானாகவே விளங்கும். ‘லூனார்’ தெரிந்தவனுக்கு ‘லூனா’ சந்திரன். ‘மானுவல்’ தெரிந்தவனுக்கு ‘மானோ’ கை. ‘மரைன்’ தெரிந்தவனுக்கு ‘மார்’ கடல். நம் பள்ளிகளில் புத்தக ஆங்கிலத்தையே கற்றோம் என்று வருந்துகிறவர்கள் அநேகர். அந்தப் புத்தக ஆங்கிலம், ஸ்பானியத்தைப் பொறுத்தவரை, சேமித்து வைத்த நிதியாகப் பயன்படுகிறது.

ஆயினும் உருவத்தால் ஒத்துப் பொருளால் ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘ரோபா’ கயிறன்று, துணிமணி. ‘ஸோபா’ சோப்பன்று, சூப். ‘லிப்ரெரீயா’ நூலகமன்று, புத்தகக் கடை. ‘எக்ஸிதோ’ வெளியேறும் வழியன்று, வெற்றி. சங்கடமாக இருக்கிறது என்று சொல்ல எண்ணி ‘எம்பராஸாதா’ என்று சொல்லிவிடும் பெண், தான் கர்ப்பமாயிருப்பதாக அறிவித்தவளாகிறாள். இவற்றை ஆரம்பத்திலேயே தனியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆங்கிலத்தின் தயவில்லாமலே நம் வீட்டுக்குள் இருக்கும் ஸ்பானியச் சொற்களும் சில உண்டு. ஸ்பானியத்தின் சகோதர மொழியான போர்த்துக்கீசியம் பதினாறாம் நூற்றாண்டு முதல் நம் கடற்கரைகளில் விட்டுச் சென்றவை அவை. நம் மேசை அங்கே ‘மேஸா’, அலமாரி ‘அர்மாரியோ’, கோப்பை ‘கோபா’, பாதிரி ‘பாத்ரே’. இலங்கைத் தமிழர் சொல்லும் பாண் அங்கே ‘பான்’, சப்பாத்து அங்கே ‘ஸபாத்தோ’. கிச்சிலிப் பழத்தின் பெயர் இதற்கு எதிர்த் திசையில் பிரயாணம் செய்திருக்கிறது: சம்ஸ்கிருத ‘நாரங்க’ பாரசீகத்திலும் அரபியிலும் புகுந்து, ஸ்பெயினை ஆண்ட அராபியரோடு சென்று ‘நாரான்ஹா’ ஆயிற்று, அந்தச் சம்ஸ்கிருதச் சொல்லும் நம் நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல்லிலிருந்து பிறந்ததே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டால், அதன் உண்மையான கடினம் பெரிய சொற்களில் இல்லை, சின்னச் சொற்களின் சேர்க்கையில் இருக்கிறது. 1930-இல் ஓக்டன் என்ற ஆங்கில அறிஞர் 850 சொற்களையே கொண்டு உலகத்தார் எல்லோரும் பேசத்தக்க ‘பேஸிக் இங்கிலீஷ்’ என்ற திட்டத்தை வெளியிட்டார். அதில் வினைகள் பதினெட்டே. கணக்குப் பார்த்தால் மிகச் சுருக்கம். ஆனால் ‘புட்’, ‘அப்’, ‘வித்’ என்ற மூன்று எளிய சொற்களையும் அறிந்த ஒருவனுக்கு, மூன்றும் கூடி ‘பொறுத்துக்கொள்’ என்று பொருள்படும் என்பதை யார் சொல்வது? சொல் எளிமையாகும்போது பிரயோகம் கடினமாகிவிடுகிறது. வங்காளத்தில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பட்டியல் இதைவிட அனுபவத்தோடு செய்யப்பட்டது. சுமார் 2000 அடிப்படைச் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பொருளில் எவ்வளவு அதிகமாக வழங்குகிறது என்பதையும் அது குறித்தது. ஒரு சொல்லுக்கு அகராதி தரும் பத்துப் பொருள்களில் எவை ஜனங்கள் தினமும் பயன்படுத்துபவை என்பதை அறிவதே கற்கிறவனுக்கு வேண்டிய ஞானம்.

இந்தச் சேர்க்கை வினைகளும் நமக்கு அந்நியமல்ல. பார் என்பது வேறு, பார்த்துக்கொள் என்பது வேறு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்படி சொன்னால் கண்ணால் நோக்கும்படி சொன்னதாக யாரும் கொள்வதில்லை. ‘லுக்’ என்பதும் ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் இப்படித்தான். ‘கிவ் அப்’ என்றால் விட்டுவிடு. ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. விடு, கொள், போடு, தள்ளு, கொடு என்ற துணை வினைகளால் நாம் செய்கிற காரியத்தை ஆங்கிலேயர் அப், ஆஃப், அவுட், இன் என்ற இடைச்சொற்களால் செய்துகொள்கிறார்கள். நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கையாளப்பட்ட ரென்-மார்ட்டின் இலக்கணத்தில் பெயரையும் வினையையும் பகுத்துப் பழகிய மாணவனுக்கு, இந்த ஒப்புமையை ஒரு நாள் வகுப்பில் எடுத்துக் காட்டியிருந்தால், அவன் பேச்சு ஆங்கிலத்துக்கு அஞ்சியிருக்க மாட்டான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

கற்ற சொற்களை நினைவில் நிறுத்துவதைப் பொறுத்தவரை, மனப்பாடத்தை இகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டுகளை நெட்டுருச் செய்தார்கள். அவற்றில் சொற்கள் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று இனம் இனமாகவும், செய்யுளின் ஓசையில் கட்டுண்டும் இருந்தமையால் நெஞ்சில் நின்றன. இனமும் இல்லாமல் ஓசையும் இல்லாமல் அகர வரிசையில் நாளுக்கு இருபது சொல் என்று உருப்போடுவதே வீண். ஜெர்மானிய அறிஞரான எப்பிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று தம்மையே சோதித்து, 1885-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். கற்றதில் பெரும்பங்கு முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது, ஒரே நாளில் பலமுறை படிப்பதைவிட நாள்களைப் பரப்பி மீண்டும் படிப்பது குறைந்த உழைப்பில் நிலைக்கிறது என்பவை அவர் கண்டவை. நாளை ஒரு முறை, சில நாள் கழித்து ஒரு முறை, பின்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போய், சொல்லை அது வரும் வாக்கியத்தோடு உரக்கச் சொல்வது நல்ல அப்பியாசம்.

மரபுத்தொடர்களும் பழமொழிகளும் வரும்போது ஆங்கிலமும் தமிழும் இரண்டுமே துணையாக நிற்பதில்லை. சில சமயம் துணை போல் வந்து வழிமாற்றியும் விடும். ஒளிவுமறைவின்றிப் பேசுகிறவனை ஸ்பானியர், நாக்கில் ரோமம் இல்லாதவன் என்கிறார்கள். அது பெரும்பாலும் பாராட்டு. நாம் நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறான் என்றால் அது கண்டனம். இரண்டும் ஒன்றென்று எண்ணிப் பயன்படுத்துகிறவன் நண்பரை இழப்பான். விலை அதிகமான பொருளுக்கு ஸ்பானியன் முகத்திலிருந்து ஒரு கண்ணைக் கொடுக்க வேண்டும் என்கிறான். ஆங்கிலேயன் ஒரு கையையும் ஒரு காலையும் கேட்கிறான். நாம் யானை விலை குதிரை விலை என்கிறோம். கையிலுள்ள ஒரு பறவை புதரிலுள்ள இரண்டுக்குச் சமம் என்பது ஆங்கிலப் பழமொழி. ஸ்பானியத்தில் அது பறக்கும் நூறு பறவைகளைவிட மேல். நாம் இருப்பதை விட்டுப் பறப்பதற்கு ஆசைப்படாதே என்று சொல்வதில் அந்தப் பறத்தலும் இருக்கிறது.

ஸ்பானியப் பழமொழிகளின் பெருங்களஞ்சியம் 1605-இலும் 1615-இலும் இரண்டு பாகங்களாக வெளியான செர்வாந்தெஸின் ‘தோன் கிஹோத்தே’ என்ற நாவல். அதில் வரும் சாஞ்சோ பான்ஸா எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன். வாயைத் திறந்தால் பழமொழியாகக் கொட்டுகிறான். அவன் எஜமானரான தோன் கிஹோத்தேயோ, பொருத்தம் பார்த்துச் சொன்னால் அழகு, இப்படி அடுக்கினால் அபத்தம் என்று அவனைத் திரும்பத் திரும்பக் கண்டிக்கிறார். சாஞ்சோவுக்குப் பழமொழி தாய்ப்பாலோடு வந்தது, அவன் எத்தனை சொன்னாலும் அது அவன் பேச்சே. கற்று வந்தவன் சொல்லும்போது அப்படி அமைவதில்லை. ஆகையால் முதல் சில வருஷங்கள் மரபுத்தொடர்களைக் காதால் கேட்டுப் பொருள் அறிந்துகொள்வதோடு நின்று, ஒவ்வொன்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதும்போது அதன் அர்த்தத்தோடு, அதை யார், யாரிடம், எந்த இடத்தில், கோபமாகவா பிரியமாகவா சொன்னார்கள் என்பதையும், கேட்டது மெக்ஸிகோக்காரர் வாயிலா ஸ்பெயின்காரர் வாயிலா என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதி வைக்க வேண்டும். ஒரே தொடரை மூன்று வெவ்வேறு மனிதர் ஒரே விதமான சந்தர்ப்பத்தில் சொல்லக் கேட்டபிறகு அதைத் தானும் சொல்லத் தொடங்கலாம்.